மிஸ் கீறிய நாலாவது பெட்டி

"தானா உடைஞ்சது" என்றேன் நான்.

"கண்டனீங்களோ?" என்று கேட்டார்.

"என்ர கையிலதானே உடைஞ்சது, காணாமல் இருப்பனோ?"

"உங்கட கையில உடைஞ்சதெண்டால், தானா எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

இப்படித்தான் எங்களுடைய அறிமுகம். திருகோணமலைக் கடைத்தெருவில் ஒரு கணினிக் கடை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மூக்கின் நுனியில் கண்ணாடி, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி, மர அடிமட்டம், சிவப்புப் பேனை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லெப்டொப்பை அங்கேயே போட்டுவிட்டு வந்திருப்பேன். என்னுடையதாக இருந்திருந்தால். அது அலுவலகத்தின் லெப்டொப்.

அவருடைய பெயரை எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்க இப்போது வழியில்லை. கடையில் எல்லோருக்கும் அவர் மிஸ். முதலாளிக்கும் மிஸ், கைபேசியைத் தூக்கிக்கொண்டு வருகிற மீன் வியாபாரிக்கும் மிஸ். இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் இல்லை. இன்றைக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. ஒருவர் கனடா என்கிறார், ஒருவர் மட்டக்களப்பு என்கிறார். நேரில் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை, ஆகவே நானும் அதை எழுதப்போவதில்லை. காணாததை எழுதாத அவருடைய நோய் எனக்கும் கொஞ்சம் தொற்றிவிட்டது.

சண்டைக் காலம் அது. மூதூர்ப் பக்கம் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த குடும்பங்களின் விவரங்களைப் பதிவதுதான் என் வேலை. ஒரு தொண்டு நிறுவனம் ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, கையில் புது லெப்டொப் ஒன்றையும் தந்திருந்தது. கிழமைக்கு மூன்று நாள் அன்புவழிபுரத்தில் இருந்து காலையில் வெளிக்கிட்டு, இறங்குதுறையில் லாஞ்சு ஏறி, குடாவைக் கடந்து மூதூருக்குப் போவேன். அங்கிருந்து வான் வண்டியில் முகாம். பின்னேரம் அதே வழியால் வீடு.

வழி நெடுகச் சோதனை. சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துப் பார்ப்பார்கள், அது பரவாயில்லை. லெப்டொப் என்றால் தனிச் சடங்கு. அது உண்மையிலேயே லெப்டொப்தானா, உள்ளே வேறு ஏதும் வைத்துக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, திறந்து வெளிச்சம் வரக் காட்டவேண்டும். "அரின்ன" என்பான் காவலில் நிற்கிற பையன். திற என்று அர்த்தம். இறங்குதுறை வாசலில் ஒரு அரின்ன, லாஞ்சில் ஏறமுன் ஒரு அரின்ன, மூதூரில் இறங்கினால் ஒன்று, சந்தியில் ஒன்று, முகாம் வாசலில் ஒன்று. எனக்கு அந்த வருடம் தெரிந்த சிங்களம் அந்த ஒரு சொல்தான். ஒரு கையில் குடை, அடையாள அட்டை பல்லுக்கிடையில், மற்றக் கையால் மூடியின் மூலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவேன்.

எட்டாவது மாதம், மூதூர் இறங்குதுறையில், மழைத் தூறலுக்குள் "டக்" என்றது. மூடி மடங்குகிற இடப்பக்கப் பிணைச்சல். அதைப் பிடித்திருந்த சின்னப் பித்தளை நட்டுகள் பிளாஸ்ரிக்கோடு பெயர்ந்து, மூடியின் மூலை பிளந்து, திரை வெள்ளையாகிவிட்டது. சத்தத்தைக் கேட்டு அந்த நேவிப் பையன் இரண்டடி பின்னால் பாய்ந்தான். பாவம், அவனுக்கு அது வேறு எதுவாகவோ கேட்டிருக்கும். நான் முகாம் வைத்தியப் பெட்டியில் இருந்து பிளாஸ்டர் வாங்கிச் சுற்றி ஒட்டிக்கொண்டு அன்றைய வேலையை முடித்தேன்.

அலுவலகத்தில் நிர்வாகம் பார்க்கிற ஐயா நல்ல மனிதர், ஆனால் கோவையில், அதாவது பைலில், உள்ளதைத் தாண்டி யோசிக்கமாட்டார். "கொம்பனி வொறன்டியில திருத்தித் தந்தால் கதையில்லை, பிள்ளை. பாவிச்ச ஆளின்ர கவனயீனம் எண்டு எழுதி அனுப்பினாங்களெண்டால் அது உங்கட கோவையில ஏறும். பிறகு ஒப்பந்தத்தை நீடிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு ஏலாது" என்றார். அப்பா சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை செய்தவர். உள்ளே போகிற பாஸைப் புதுப்பித்துக் கொடுக்காமல் விட்டதில் இருந்து வீட்டோடு இருந்தார். தம்பிமார் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் என்று எங்கள் வீட்டுப் படி ஏறியது என்னுடையது மட்டும். அந்தப் பிளாஸ்டர் சுற்றிய மூலையில் எங்கள் குசினி அடுப்பே தொங்கிக்கொண்டிருந்தது என்று வையுங்களேன்.

இந்த நிலைமையில்தான் நான் மிஸ்ஸிடம் போனேன். அந்தக் கடைதான் அந்த லெப்டொப் கொம்பனிக்குத் திருகோணமலையில் ஏஜென்சி. பழுதானதை வாங்கி, சீட்டு எழுதிக் கொழும்புக்கு அனுப்புவது மிஸ்ஸின் வேலை.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கொழும்பில் இருந்து அச்சடித்து அனுப்பிய சீட்டு. பழுதுக்கான காரணம் என்று போட்டு அதற்குக் கீழே மூன்று பெட்டி. கீழே விழுந்தது. தண்ணீர் பட்டது. அளவுக்கு மீறிய பலம் பாவிக்கப்பட்டது. மூன்றில் ஒன்றுக்குச் சரி போடவேண்டும். கொம்பனியின் பிழை என்று ஒரு பெட்டி அதில் கிடையாது. அப்படி ஒன்று உலகத்தில் நடக்கும் என்றே அவர்கள் நினைக்கவில்லைப் போலும்.

மிஸ் அடிமட்டத்தை எடுத்தார். மூன்று பெட்டிக்கும் கீழே, அதே அளவில், நாலாவதாக ஒரு பெட்டி கீறினார். பக்கத்தில் "தெரியாது" என்று எழுதி, அதற்குச் சரி போட்டார். பிறகுதான் கவனித்தேன், அவர் எழுதுகிற எல்லாச் சீட்டிலும் அந்த நாலாவது பெட்டி இருந்தது.

"எந்தக் கையால திறக்கிறனீங்கள்?"

"ரெண்டு கையாலயும். மெதுவா" என்றேன். பொய். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். எழுதவில்லை.

"இந்தப் பிளாஸ்டர் ஆர் ஒட்டினது?"

"நான்தான். அதைக் கழட்டிப்போட்டு அனுப்புங்கோ மிஸ். அதை ஏன் எழுதுவான்?"

"நான் கண்டுபோட்டன்" என்றார், ஏதோ நோய் வந்துவிட்டது போல. எழுதியும் விட்டார்: வரும்போது இடப்பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. அங்கீகாரம் இல்லாத திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதாம், வொறன்டி செல்லாதாம். அட கடவுளே! ஒரு சாண் பிளாஸ்டர், அது திருத்தமாம்! அன்றைக்கு நான் அந்தக் கடையில் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கடைப் புடைவை வியாபாரியும் எட்டிப் பார்த்தார். "உங்கட உண்மையை வச்சு நீங்கள் கும்பிடுங்கோ மிஸ், என்ர வேலை போகப்போகுது" என்று கத்தினேன். அவர் கடைசிவரை கேட்டார். முடிந்ததும், "சரி, திருப்பி எழுதுவம். பிளாஸ்டர் ஒட்டினது உடைஞ்ச பிறகு எண்டு நீங்கள் சொல்லுறீங்கள். அதை உங்கட சொல்லா எழுதுறன்" என்றார். மன்னிப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை.

அவருடைய எழுத்து இருக்கிறதே, அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. ஒரு நாள் ஒருவர் கைபேசியைக் கொண்டுவந்து வைத்து, "சத்தியமாத் தண்ணி படேல்லை மிஸ்" என்கிறார். சொல்லும்போதே அதன் அடியில் இருந்து கண்ணாடி மேசையில் தண்ணீர் ஓடுகிறது. வேறு யாராவது என்றால் சிரித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். மிஸ் முகம் மாறாமல் எழுதினார்: "தண்ணீர் படவில்லை என்று உரிமையாளர் கூறுகிறார். இதை எழுதும்போது மேசையில் தண்ணீர் வடிகிறது." எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் கேட்டார். மனிசன் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார், என்ன செய்ய?

அவரிடம் என்ன சொன்னாலும் அந்தக் கண்டனீங்களோ கேள்விதான். மழை வரப்போகிறது என்றால் எழும்பி யன்னலடிக்குப் போவார். தேத்தண்ணிக்குச் சீனி போட்டாச்சு என்றால் கரண்டியால் தொட்டு நக்கிப் பார்ப்பார். முதலாளிக்குக் கோபம் வரும், ஆனால் அடக்கிக்கொள்வார்.

ஒரு நாள் மத்தியானம் துறைமுகப் பக்கம் பெரிய வெடிச்சத்தம். கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து கதை தெருவில் ஓடுகிறது. லாஞ்சு கடலுக்குள்ள தாண்டுபோச்சாம். இல்லை, சீனன்குடாவிலாம். கடைகளை எரிக்க ஒரு கும்பல் வருகுதாம், பூட்டுங்கோ, பூட்டுங்கோ. இரும்புக் கதவுகள் சரசரவென்று கீழே இறங்கின. காலை லாஞ்சில் புருஷனை அனுப்பிவிட்டு வந்த ஒரு பெண் மிஸ்ஸின் கடை வாசலில் குந்தியிருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அன்றைக்கு அங்கேதான் நின்றேன்.

மிஸ் அந்தப் பெண்ணிடம் போய், "லாஞ்சு தாண்டதை ஆர் கண்டது?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாது, எல்லோரும் சொல்கிறார்கள். மிஸ் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். "மிஸ், விசரே உங்களுக்கு?" என்று முதலாளி கத்தினார். அரை மணித்தியாலம் கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்தார். "ரெண்டு லாஞ்சும் துறையில நிக்குது. நான் எண்ணினனான். உள்ள போக விடேல்லை, வாசலில நிண்டு பார்த்தனான்" என்றார். அந்தப் பெண் அவருடைய காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எது வெடித்தது என்று நாங்கள் எவ்வளவு கேட்டும் அவர் சொல்லவில்லை. அதை அவர் காணவில்லையாம்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஏதும் கதை கிளம்பினால் ஆட்கள் அந்தக் கடை வாசலுக்குத்தான் வருவார்கள். மிஸ் கடையைப் பூட்டவில்லை என்றால் அவர்களும் பூட்டமாட்டார்கள்.

இரண்டாம் தரம் அனுப்பியதும் திரும்பி வந்தது. இந்த முறை பிளாஸ்டரைப் பற்றிப் பேச்சில்லை. "பாவனையாளர் அளவுக்கு மீறிய பலம் பாவித்ததால் ஏற்பட்ட சேதம். வொறன்டி செல்லாது." நான் என்ன பயில்வானோ? சாப்பாட்டுப் பார்சலையே சரியாகக் கட்டத் தெரியாத ஆள் நான்.

நல்ல காலம், பதில் கடைக்கு வந்ததே தவிர அலுவலகத்துக்கு இன்னும் போகவில்லை. "இதை அனுப்பாமல் வைச்சிருங்கோ மிஸ்" என்று கெஞ்சினேன். அவர் அலுமாரியில் இருந்து ஒரு கோவையை எடுத்து விரித்தார். அந்த மாதிரி லெப்டொப் என்னுடையதோடு ஐந்து வந்திருந்தது. ஐந்தும் இடப்பக்கப் பிணைச்சல். ஐந்துக்கும் கொழும்பு எழுதிய பதில் ஒரே வசனம், ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. அதில் ஒன்று வங்கியொன்றில் மேசையை விட்டு அசையாமல் இருந்த லெப்டொப்.

"பிறகென்ன மிஸ்! அஞ்சு பேரும் ஒரே பக்கத்தில பலம் காட்டியிருக்கினமோ? கொம்பனிச் சாமான் பிழை எண்டு எழுதுங்கோவன்!"

"அது எனக்குத் தெரியாது. ஒண்டும் உடையேக்க நான் பக்கத்தில நிக்கேல்லை."

எனக்கு மண்டை கொதித்தது. வெளியே வந்து நின்றேன். முதலாளி பின்னாலேயே வந்தார்.

"தங்கச்சி, அவவோட மல்லுக்கட்டாதேங்கோ" என்றார். "முந்தி ஒரு அலுவலகத்தில கிளாக்கா இருந்தவ. பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருத்தனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அண்டைக்கு முழுக்க அவன் வீட்டிலதான் நிண்டவன் எண்டு இவ கடிதம் எழுதிக் கையெழுத்து வைச்சுக் குடுத்தவ. விசாரணையில கேட்டிருக்கிறாங்கள், நீ கண்டனியோ எண்டு. இவ காணேல்லை. தாய் அழுதுகொண்டு சொன்னதைக் கேட்டு எழுதினது. கடிதத்தை அங்கயே கிழிச்சுப் போட்டாங்களாம். அண்டைக்கு அவனை உண்மையாவே கண்ட ரெண்டு பேர் தெருவில இருந்தவை. அவையளை விசாரிச்சு எழுதியிருந்தால் விட்டிருப்பாங்கள் எண்டு இவவுக்கு இப்பவும் மனசில கிடக்கு. பெடியன் வெளிய வர ரெண்டு வருசம் போச்சு."

அந்தப் பெடியனை நினைக்கப் பாவமாக இருந்தது. கோபம் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. எனக்கு என்னுடைய வேலை.

திரும்பி உள்ளே போனபோது மிஸ் கேட்டார், "ஒரு நாளைக்கு எத்தனை தரம் திறக்கிறனீங்கள்?"

"ஒரு இருபது, இருபத்தைஞ்சு."

"எண்ணினனீங்களோ?"

போய் எண்ணினேன். வேறு வழி? லெப்டொப் கையில் இல்லாவிட்டாலும், ஒரு கிழமை, வழக்கமாக அரின்ன என்று திறந்து காட்டுகிற ஒவ்வொரு இடத்துக்கும் விரல் மடக்கினேன். சொன்னதில் பாதிதான் வந்தது, பதினொன்று. வெட்கம் கெட்டு வந்து அதைச் சொன்னேன். "பதினொண்டு" என்று எழுதிக்கொண்டார். கிழமைக்கு மூன்று நாள், எட்டு மாதம் என்று கணக்குப் போட்டு, ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடிட்டார். ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.

அதற்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. கண்ணாடி அலுமாரியில் காட்சிக்கு வைத்திருந்த அதே மாதிரி லெப்டொப் ஒன்று மிஸ்ஸின் மேசைக்கு வந்தது. பேசிக்கொண்டே அதைத் திறப்பார், மூடுவார். இரண்டு கையாலும் நடுவில் பிடித்து, தொட்டில் பிள்ளையின் போர்வையை விலக்குகிற மாதிரி அவ்வளவு மெதுவாக. கொப்பியில் சின்னதாக ஒரு கோடு. பிறகு வேறு வேலை. நான் போகிற நேரமெல்லாம் இதுதான் நடக்கும். "என்ன மிஸ், வெக்கைக்கு விசிறிறீங்களோ?" என்று நக்கலடித்தேன். எனக்கு எரிச்சல். ஒப்பந்தம் முடிய நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன், இந்த மனிசி விளையாடுகிறது. முதலாளியும் ஒரு தரம், "அது என்ன மிஸ்?" என்றார். "பார்க்கிறன்" என்றார் மிஸ். முதலாளி மறுபடியும் தன் பேப்பருக்குள் போய்விட்டார்.

கணினி இல்லாமல் நான் முகாமில் தாளில் எழுதி, அலுவலகத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் அவர்களுடைய கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நிர்வாக ஐயா கிழமைக்கொருக்கால் கேட்பார், "கொம்பனி என்ன சொல்லுது?" "பார்த்துக்கொண்டிருக்கினம்" என்பேன். அது ஒரு வகையில் உண்மைதான், எனக்குத்தான் அப்போது தெரியாது.

ஒப்பந்தம் முடிய மூன்று கிழமைக்குக் கிட்ட இருந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், இன்றைக்கு ஒரு முடிவு கேட்காமல் போவதில்லை என்று கடைக்குள் ஏறினேன். "மிஸ், ஓம் எண்டாலும் இல்லையெண்டாலும் இண்டைக்குச் சொல்லுங்கோ" என்று தொடங்கினேன். அவர் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"டக்."

எனக்கு அந்தச் சத்தம் நல்ல பழக்கம். இடப்பக்க மூலை வாயைப் பிளந்தது. திரை வெள்ளையானது. மிஸ் கையை எடுக்கவில்லை, அப்படியே பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"கண்டனீங்களோ?" என்றார்.

"கண்டனான் மிஸ்!"

"முதலாளி, நீங்கள் கண்டனீங்களோ?"

"நான் பேப்பர் பார்த்துக்கொண்டெல்லோ இருந்தனான்."

"அப்ப உங்கட கையெழுத்து வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் முதலாளிக்கு உடைந்தது எது என்று விளங்கியது. "ஐயோ மிஸ்! கொம்பனி காட்சிக்குத் தந்த சாமான்! ஏஜென்சியைப் பறிச்சுப்போடுவாங்கள்! என்னைப் பழி வாங்குறீங்களோ?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மிஸ் கொப்பியைத் திருப்பி அவருக்கும் எனக்கும் காட்டினார். காலையில் பதினொரு கோடு, பின்னேரம் பதினொரு கோடு. பக்கம் பக்கமாக. ஏழு கிழமை. என்னுடைய எட்டு மாதத்தை அவர் அந்த மேசையில் இருந்துகொண்டே நடந்து முடித்துக்கொண்டிருந்திருக்கிறார். முடியவும் இல்லை, இன்னும் இருநூற்றுச் சொச்சம் மிச்சம் இருந்தது. அதற்கிடையில் உடைந்துவிட்டது.

"தூசு துடைக்கேக்க உடைஞ்சது எண்டு எழுதுங்கோ மிஸ், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்றார் முதலாளி.

"தூசு துடைக்கேல்லை."

"வேணுமெண்டு செய்தது எண்டு மட்டும் எழுதாதேங்கோ!"

"வேணுமெண்டுதானே செய்தனான்."

எழுதினார். எழுதியதை வழக்கம்போல வாசித்துக் காட்டினார். "இந்த லெப்டொப்பை நான் வேண்டுமென்றே ஏழு கிழமையாகத் திறந்து மூடினேன். இரண்டு கையாலும், நடுவில் பிடித்து, மெதுவாக. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தரம். கீழே விழவில்லை. தண்ணீர் படவில்லை. பலம் பாவிக்கவில்லை. இன்று பின்னேரம் மூன்று பத்துக்கு இடப்பக்கப் பிணைச்சல் உடைந்தது. நான் கண்டேன்." பிறகு அடிமட்டத்தை வைத்து நாலாவது பெட்டியைக் கீறினார். பக்கத்தில் இந்த முறை "பிணைச்சலுக்குப் பலம் போதாது" என்று எழுதினார். கண்ட சாட்சி என்று என்னிடமும் கையெழுத்து வாங்கினார். பழைய ஐந்து சீட்டின் பிரதிகளையும் கொப்பியின் பிரதியையும் சேர்த்து அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் கொழும்பில் இருந்து ஒரு எஞ்சினியர் தொலைபேசியில் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். என்ன கேட்டாரோ, மிஸ் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "ஓம்." "ஓம், நான்தான்." "இல்லை, கோபத்தில இல்லை." "சந்தேகமெண்டால் நீங்களும் ஒண்டை எடுத்துத் திறந்து மூடிப் பாருங்கோ. கொப்பியில எழுதிக்கொள்ளுங்கோ, எண்ணிக்கை மறந்துபோம்." முதலாளி சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

ஒப்பந்தம் முடிய நாலு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. ஏஜென்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை, மன்னிப்பும் இல்லை. குறிப்பிட்ட மாதிரி லெப்டொப்பின் இடப்பக்கப் பிணைச்சல், கேட்டு வருபவர்களுக்கு மட்டும், இலவசமாக மாற்றிக் கொடுக்கப்படும். பாவனையாளரின் பிழையாகக் கருதப்படமாட்டாது. அந்தக் கடைசி வசனத்தை நான் நாலைந்து தரம் வாசித்தேன். அதன் பிரதியை அலுவலகத்தில் ஐயாவின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு வாசித்துவிட்டு, நீடிக்கிற கடிதத்தைத் தட்டச்சுக்கு அனுப்பினார்.

கடைக்குத் திரும்பி வந்தால் மிஸ் மற்ற நாலு பேருக்கும் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருக்கிறார். "உங்கட லெப்டொப்பைப் பற்றி என்னட்ட ஒருக்காக் கேளுங்கோ" என்கிறார். "என்ன மிஸ் இது?" என்றேன். "கேட்டு வாற ஆக்களுக்கு மட்டும் எண்டு எழுதியிருக்கு. கேக்கச் சொல்லிச் சொல்லக்கூடாதெண்டு எழுதேல்லைத்தானே" என்றார்.

அவர் கடைசித் தொலைபேசியை வைக்கும்வரை நின்றேன். என்ன சொல்லி நன்றி சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "எனக்காண்டி ஏழு கிழமை இதைச் செய்திருக்கிறீங்கள் மிஸ்" என்றேன்.

"உங்களுக்காண்டி இல்லை" என்றார். "நீங்கள் பொய் சொல்லுறீங்களோ எண்டு பார்க்கத்தான் செய்தனான்."

எனக்குத் திக்கென்றது.

"ரெண்டு கையாலயும் திறக்கிறனான் எண்டு சொன்னது பொய்தானே?"

"ஓம் மிஸ்."

"தெரியும். மழைக் காலம், ஒரு கையில குடை இருக்கும். அதாலதான் உடைஞ்சதோ எண்டு எனக்குச் சந்தேகம். அதுதான் ரெண்டு கையாலயும் திறந்து பார்த்தனான். அதால இல்லை."

அந்த வருடங்களில் என்னைச் சந்தேகப்படாதவர்கள் யார்? இறங்குதுறையில் சந்தேகம், சந்தியில் சந்தேகம், அலுவலகத்தில் சந்தேகம், முகம் தெரியாத கொழும்புக் கொம்பனிக்கும் என் கையில் சந்தேகம். யாரும் அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. சந்தேகப்பட்டார்கள், அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இந்த மனிசி ஒருத்திதான் தன் சந்தேகம் சரியா என்று பார்ப்பதற்காகத் தன் வேலைக் கதிரையையே பணயம் வைத்து, நாளுக்கு இருபத்திரண்டு தரம் கை ஓயத் திறந்து மூடியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்?

"நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டதுக்கு நன்றி மிஸ்" என்றேன்.

அவர் மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "உண்மையாத்தான் சொல்லுறீங்களோ?"

"ஓம் மிஸ்" என்று சொல்ல வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் அவருக்கு முன்னால் நின்றேன். அவர் கண்ணாடியைச் சரியாக ஏற்றிவிட்டுக்கொண்டு, அவசரப்படாமல், அது கன்னத்தில் இறங்கும்வரை பார்த்தார்.

பிறகுதான், "சரி" என்றார்.